ஒன்பதாம் முனை

கனகரெத்தினமும் நானும் பத்தொன்பது வருடங்களாகப் பக்கத்துப் பக்கத்து மேசையில் இருக்கிறோம். விவசாயக் கந்தோரின் கிழக்கு யன்னல் எங்கள் இருவருக்கும் பொது. உரப் பட்டியலில் வயல்காரரின் பெயர்களை அவர் வாசிப்பார், நான் சரிபார்ப்பேன். மற்றபடி நாங்கள் கதைத்ததைவிடச் சும்மா இருந்த நேரமே அதிகம். அவர் பாண்டிருப்புத் தமிழர், நான் கல்முனை முஸ்லிம். எந்தப் பக்கத்து றோட்டில் டயர் எரிந்தாலும் மறுநாள் எட்டரைக்கு அவர் அவருடைய மேசையில் இருப்பார், நான் என்னுடைய மேசையில் இருப்பேன். டயரைப் பற்றி இருவரும் ஒரு வார்த்தை பேசமாட்டோம். இதை நட்பு என்று நாங்கள் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் என் வாழ்க்கையில் அதைவிட உறுதியான வேறொன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை.

அந்தக் கனகரெத்தினத்தின் பெயரைச் சொல்லி, முந்நூறு பேருக்கு முன்னால், ஒரு தோல் மூட்டைக்கு நான் குத்தினேன். பத்தொன்பது வருடத்தை அதோடு உடைத்துவிட்டேனா இல்லையா என்பது திங்கட்கிழமை எட்டரைக்குத்தான் தெரியும் என்ற நிலையில் இரண்டு நாட்கள் வீட்டுக்குள் இருந்தேன். அது எப்படி நடந்தது என்பதை எதையும் கூட்டாமல் எழுதுகிறேன்.

எல்லாம் என்னுடைய சீனி வருத்தத்தில் தொடங்கியது. நடக்கச் சொன்னார் டொக்டர். ஒவ்வொரு நாளும் அஸர் தொழுதுவிட்டுக் கடற்கரைக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் சீனி இருந்த இடத்தில் இருந்தது. டொக்டர் என்னைப் பார்த்தார். பதிலை என் மனைவி றுமானா சொன்னாள்.

“இவர் எங்க டொக்டர் நடக்கிறார்? கடலப் பாத்துக்கிட்டு நிக்கிறார். நான் பின்னால போய்ப் பாத்தன். தோணிக்குப் பக்கத்தில இன்னொரு தோணி மாதிரி நிக்கிறார்.”

அடுத்த கிழமை அவள் எனக்கு வேறு வழி கண்டுபிடித்தாள்.

“றிஸ்கான் ஜிம் ஒண்டு தொறக்கிறானாம். குத்தும் உதையும் கலந்த பயிற்சியாம். அரை மணித்தியாலத்தில முடிஞ்சிருமாம். உங்களப் பதிஞ்சிட்டன்.”

“நான் ஆருக்குக் குத்துற?”

“முதல்ல பழகுங்க. ஆள் பொறகு கிடைக்கும்.”

றிஸ்கான் எங்கள் பின்வளவு வீட்டுப் பிள்ளை. டோஹாவில் பெரிய உடற்பயிற்சி நிலையம் ஒன்றில் ஏழு வருடம் வேலை செய்தவர். அங்கே அவர் கண்ணாடிகளுக்குப் பொறுப்பாக இருந்தார். ஏழு வருடம் கண்ணாடி துடைத்ததில் அந்தக் கண்ணாடிகளில் தெரிந்த எல்லாப் பயிற்சிகளும் அவருக்கு மனப்பாடம். இடமும் வலமும் மட்டும் கொஞ்சம் மாறியிருந்தன.

மூடிக் கிடந்த அரிசி ஆலை ஒன்றைக் கழுவி, சுவரில் கறுப்பு மை பூசி, நவமுனை உடற்பலப் பேரவை என்று பெயர்ப்பலகை மாட்டியிருந்தார். உறுப்பினராவதற்குக் கிராம சேவகரின் வதிவிட அத்தாட்சியும், நல்லொழுக்கமுள்ளவர் என்று பள்ளிவாசல் தரும் கடிதமும் கேட்டார்கள். குத்தப் போகிறவர் நல்லவர் என்பதற்கு ஓர் அத்தாட்சி வேண்டாமா என்று றிஸ்கான் கேட்டார். எனக்கும் நியாயமாகப் பட்டது.

திறப்பு விழா நான்கு மணிக்கு என்றிருந்தது. ஐந்தரைக்குத் தொடங்கியது. குர்ஆன் கிறாஅத் ஓதப்பட்டது. ஏழு பேருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவர்களுக்கு யாரும் போர்த்தவில்லை என்பதால் அவர்களுக்கும் போர்த்தினார்கள். பிறகு பேரவையின் ஆலோசனைச் சபைத் தலைவர் ஜவுபர் ஹாஜியார் எழுந்தார். பழைய கூட்டுறவுச் சங்கத் தலைவர். கோட்டு அணிந்திருந்தார். அவருக்கென்று தனியாக ஒரு மேசைவிசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“கண்ணியமிக்க சபையோரே! நான் வாழ்க்கையில் ஒருவரையும் அடித்தவனல்ல. ஆனால் அடிதடி எங்கெல்லாம் நடந்ததோ அங்கெல்லாம் தலைமை தாங்கியிருக்கிறேன். கூட்டுறவுச் சங்கத்தில் எனது பதவிக்காலத்தில் மூன்று கதிரைகள் உடைந்தன. மூன்றும் எனது தலைமையிலேயே உடைந்தன என்பதைத் தாழ்மையுடன் கூறிக்கொள்கிறேன்.”

கைதட்டல் ஓயும்வரை அவர் விசிறிக்கு முகத்தைக் காட்டினார்.

“நாம் முனைகளில் வாழும் சமூகம். கல்முனை, நற்பிட்டிமுனை, பாலமுனை. ஆகவே இந்த மண்டபத்திலும் ஒன்பது முனைகளை நிறுவியிருக்கிறோம். ஒவ்வொரு முனையிலும் மூன்று நிமிடம். மணி அடித்தால் தொடங்க வேண்டும். மணி அடித்தால் நிறுத்த வேண்டும். இந்த ஒழுங்கு நமது சமூகத்தில் வேறெங்கும் இல்லை. நான் இருந்த இடங்களில் நிச்சயமாக இல்லை.”

அதன் பிறகு எல்லோருக்கும் ரோல்ஸும் சீனி ததும்பும் பழரசமும் தந்தார்கள். சீனி வருத்தத்துக்காகச் சேர்ந்தவர்கள் பன்னிரண்டு பேர் இருந்தோம். விருந்தோம்பலை மறுப்பது எங்கள் ஊரில் இல்லை.

தொடங்குகிற மணியும் நிறுத்துகிற மணியும் ஒரே மணி என்பது எனக்கு இரண்டாம் நாள்தான் விளங்கியது.

“தம்பி, எந்த மணி எதுக்கெண்டு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டேன்.

“அது ஒடம்புக்குத் தெரியும் காக்கா,” என்றார் றிஸ்கான்.

என் உடம்புக்குத் தெரியவில்லை. எல்லோரும் கயிறு பாயும்போது நான் ஓய்ந்து நிற்பேன். எல்லோரும் ஓய்ந்து தண்ணீர் குடிக்கும்போது நான் தனியாகப் பாய்ந்துகொண்டிருப்பேன். முதல் இரண்டு கிழமையும் நான் பயிற்சி செய்தது ஓய்வு நேரங்களில் மட்டுமே.

ஒவ்வொரு முனைக்கும் ஒரு பொறுப்பாளர், ஓர் உதவிப் பொறுப்பாளர், ஒரு மேற்பார்வையாளர் இருந்தார்கள். ஆண் உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். பதவிகள் நாற்பத்திரண்டு. ஆகவே பதினொரு பேருக்கு இரட்டைப் பொறுப்பு. என்னைத் தண்ணீர்ப் போத்தல்களுக்கான உபசெயலாளராக நியமித்துக் கடிதம் தந்தார்கள். றுமானா அதைச் சட்டம் போட்டு மாட்டச் சொன்னாள். நான் பேசாமல் இருந்துவிட்டேன். என் மௌனத்தை அவள் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு மாட்டிவிட்டாள்.

என் முதலாவது பிழை ஐந்தாம் முனையில் நடந்தது.

அந்த முனையில் றிஸ்கானே நிற்பார். இரண்டு கைகளிலும் தலையணை மாதிரித் தடித்த உறைகளைப் போட்டு அவற்றை எங்களை நோக்கி நீட்டுவார். நாங்கள் அவற்றில் குத்த வேண்டும். இது எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால் அன்று, மூச்சு வாங்கி, கண் இருட்டி, வியர்வை வழிய நான் ஐந்தாம் முனையில் நிமிர்ந்தபோது எனக்கு நேரே ஒரு மனிதர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றார். நாற்பத்தொன்பது வயதுவரை, ஒருவர் எனக்கு நேரே கை நீட்டினால் நான் செய்தது ஒன்றுதான். என் இரண்டு கைகளாலும் அந்த உறைகளைப் பற்றி முஸாபஹா செய்தேன். ஸலாம் சொன்னேன்.

“வாப்பாக்கு இப்ப எப்பிடி?” என்றேன்.

“வஅலைக்குமுஸ்ஸலாம். அல்ஹம்துலில்லாஹ், கஞ்சி குடிக்கிறார்,” என்றார் றிஸ்கான். பிறகுதான் அவருக்குத் தான் யார் என்பது ஞாபகம் வந்தது. “காக்கா! நான் குத்துக் கேட்டா நீங்க சலாம் தாறீங்க!”

“கைய நீட்டினீங்க.”

“குத்த நீட்டின கை அது!”

அதற்குள் மணி அடித்துவிட்டது. எனக்குப் பின்னால் வந்தவர் நான் செய்ததைப் பார்த்திருந்தார். அந்த முனையின் ஒழுங்கு அதுதான் என்று நினைத்து அவரும் றிஸ்கானின் இரண்டு கைகளையும் பற்றினார். அவருக்குப் பின்னால் வந்தவரும் பற்றினார். அன்று ஐந்தாம் முனையில் பதினொரு பேர் றிஸ்கானின் வாப்பாவைச் சுகம் விசாரித்தார்கள்.

மறுநாள் விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. விசாரணைக்கு ஜவுபர் ஹாஜியார் தலைமை தாங்கினார். விசிறியும் வந்திருந்தது.

“ஐந்தாம் முனையில் நீங்கள் ஸலாம் சொன்னது உண்மையா?”

“ஓம்.”

“ஏன் சொன்னீர்கள்?”

“ரெண்டு கை முன்னால வந்திச்சு ஹாஜியார்.”

ஹாஜியார் செயலாளரிடம் திரும்பி, “சம்பந்தப்பட்டவர் அன்பை ஒப்புக்கொண்டார் என்று எழுதுங்கள்,” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி எனக்கு விளக்கினார்.

“நளீர், நான் அன்புக்கு எதிரானவனல்ல. ஜும்ஆ முடிந்தால் நானே முப்பது பேருக்குக் கை கொடுக்கிறேன். அதில் இருபத்தைந்து பேரை எனக்குக் கண்ணில் காட்டப்படாது. இருந்தும் கொடுக்கிறேன். அது பள்ளிவாசல் ஒழுக்கம். இங்கே நமக்குப் பிடித்தவனுக்கும் குத்த வேண்டும். இது உடற்பல ஒழுக்கம். இரண்டையும் கலக்கக் கூடாது. கலந்தால் சமூகம் குழம்பும்.”

எனக்குக் கோபக் குறைபாடு இருப்பதாகச் சபை தீர்மானித்தது. சீனிக்கும் காரணம் அதுதான் என்று றிஸ்கான் சொன்னார். கோபம் வெளியே வராவிட்டால் உள்ளே இனிப்பாகத் தங்கிவிடுமாம். ஒரு மாதத்துக்குள் நான் ஒன்பதாம் முனையை முடிக்க வேண்டும் என்று தீர்ப்பு.

ஒன்பதாம் முனை மண்டபத்தின் நடுவில் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஒரு கறுப்புத் தோல் மூட்டை தொங்கியது. குத்தின் பலத்தைக் காட்டுகிற முள் ஒன்று அதன் தலைமாட்டில் இருந்தது. இங்கே சும்மா குத்த முடியாது. யார்மீது கோபமோ அவருடைய பெயரை உரத்துச் சொல்லிவிட்டுத்தான் குத்த வேண்டும். டோஹாவில் அப்படித்தான் என்றார் றிஸ்கான். அங்கே பயிற்சியாளர் அந்தப் பெயரை மனதுக்குள் நினைக்கச் சொல்லியிருக்கக் கூடும். கண்ணாடி துடைத்துக்கொண்டு தூரத்தில் நின்றவருக்கு உதட்டசைவு மட்டும்தான் தெரிந்திருக்கும்.

பெயரை முன்கூட்டியே கோபப் பிரகடனப் படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். பெயர், விலாசம், உறவுமுறை, கோபத்துக்கான காரணம், எந்தத் திகதியிலிருந்து. நான் முதலில் இரவில் கடிக்கிற நுளம்பு என்று எழுதினேன். மனிதராக இருக்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஷைத்தான் என்று எழுதினேன்.

“விலாசம் போடல்லயே காக்கா.”

“எல்லா இடத்திலயும் இரிப்பான்தானே.”

“அப்பிடி ஏலா. கிராம சேவகர் பிரிவு ஒண்டு போடணும்.”

றுமானா மாலை நேரப் பெண்கள் வகுப்பில் ஒன்பதாம் முனையை எப்போதோ முடித்திருந்தாள்.

“எங்கட பக்கம் லேசி. முப்பது பேரில இருபத்தாறு பேர் மாமியெண்டு எழுதிக் குடுத்திட்டாங்க.”

“நீ?”

“உங்கட உம்மாதான் மௌத்தாப் போயிட்டாவே. உங்கட பேர எழுதினன்.”

அவளுடைய பெயரை நான் எழுதலாமா என்று றிஸ்கானிடம் கேட்டேன். அவளுடைய கூடப்பிறந்த மூன்று காக்காமாரும் ஆலோசனைச் சபையில் இருப்பதால் அது உசிதமல்ல என்றார்.

அந்த மாதம் முழுக்க நான் உண்மையாகவே ஒரு கோபத்தைத் தேடினேன். கடற்கரையில் நின்று யோசித்தேன். எங்கள் ஒழுங்கைக்குள் ஒன்றரை அடி மதிலை இழுத்துக் கட்டியவர்மீது ஒருகாலத்தில் எனக்குக் கோபம் இருந்தது. அவர் நான்காம் முனைப் பொறுப்பாளர். என் மகளுக்குக் கேட்டு வந்த மாப்பிள்ளையைப் பாதியில் திருப்பிக்கொண்டு போனவர்மீது கோபம் இருந்தது. அவர் பொன்னாடைக் குழுவின் தலைவர். எங்கள் ஊரில் ஒரு பெயர் தனியாக இருப்பதில்லை. ஒரு பெயரைச் சொன்னால் அதற்குப் பின்னால் ஒரு குடியே எழுந்து நிற்கும். மருமக்கள் நிற்பார்கள். ஒரு பள்ளிவாசல் நிற்கும். நாளைக்கு நான் செத்தால் என் மையத்தைத் தூக்க வருகிறவர்களில் நாலு பேர் குறைவார்கள்.

விலகிவிடலாம் என்று தீர்மானித்தேன். விலகல் படிவத்தில் மூன்று கையொப்பம் வேண்டியிருந்தது. மூன்றாவது கையொப்பத்தை ஒன்பதாம் முனையை முடித்தவர்களுக்கு மட்டுமே போடுவார்களாம்.

“பேர எழுதாட்டியும் பரவால்ல காக்கா,” என்றார் றிஸ்கான் இரக்கத்தோடு. “வெள்ளிக்கிழம விழா. மூட்டைக்கு முன்னால நிண்டா ஒரு பேர் தன்னால வரும். வராத ஆள நான் டோஹாவில காணல்ல.”

அந்த வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு நான் கந்தோரில் இருந்தேன். பெரும்போகத்துக்கான உரப் பட்டியலை அன்றே முடிக்க வேண்டும். இன்னும் இருநூறு பெயருக்கு மேல் மிச்சம் இருந்தது. கனகரெத்தினம் வாசிப்பதை நிறுத்திவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார்.

“என்ன ஐசே, மணிக்கூட்டையே பாத்துக்கிட்டு இரிக்கயள்?”

“அந்த ஜிம்மில ஒரு விழா.”

“அடிபாடா?”

“அப்பிடித்தான் வெச்சிக்கங்களே.”

“போங்க போங்க. பட்டியல நான் முடிக்கிறன்.” பிறகு, தனக்குத் தோன்றியதைச் சொல்லாமல் இருக்க முடியாதவராக, “அடிக்கிறதெண்டா பெருவிரல உள்ளுக்கு வெச்சுப் பொத்தப்படா. வெளியால வையுங்க. இல்லாட்டி முறிஞ்சிரும்,” என்றார். கையைப் பொத்திக் காட்டவும் செய்தார். என்னுடைய கையை வாங்கிப் பெருவிரலை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தார்.

மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்தார்கள். மூன்று தொலைபேசிகளைத் தடிகளில் கட்டி விழாவை முகநூலில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். எனக்கு முன்னால் சென்ற ஆறு பேரும் சாமர்த்தியசாலிகள். ஒருவர் தன்னுடைய பெயரையே சொல்லிக் குத்தினார். ஒருவர் சவூதியில் இருக்கும் பழைய முதலாளியைக் குத்தினார். ஒருவர் இருமிக்கொண்டே சொன்னதால் யாரைக் குத்தினார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த வழிகள் எனக்குத் தோன்றியிருக்கலாம். தோன்றவில்லை.

மணி அடித்தது. றிஸ்கான் என் காதுக்குள், “பேர் காக்கா, பேர்!” என்றார். முன்வரிசை அதைப் பிடித்துக்கொண்டது. பேர், பேர் என்று மண்டபம் முழுக்கத் தட்டத் தொடங்கியது. நான் சபையைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த பெயர்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் அங்கே ஒரு முகம் உட்கார்ந்திருந்தது. காக்காவோ மருமகனோ சகலனோ. ஒரு பெயருக்கு மட்டும் அங்கே முகம் இல்லை. அதைச் சொன்னால் அந்த முந்நூறு பேரில் ஒருவரும் எழுந்து, ஏன் என்று கேட்கமாட்டார்கள். இதை நான் யோசித்தேன் என்று சொல்ல முடியாது. யோசிக்காமலே எனக்குத் தெரிந்திருந்தது.

“கனகரெத்தினம்!” என்று கத்திக் குத்தினேன்.

 நான் என் வாழ்க்கையில் கேட்டிராத ஒரு சத்தம் எழுந்தது. ஆட்கள் கதிரைகளில் ஏறினார்கள். “அப்பிடிப் போடுங்க காக்கா!” என்று யாரோ விசிலடித்தார்கள். முள் கடைசி எண்ணுக்குப் போய் அங்கேயே நடுங்கியது. பெருவிரல் வெளியே இருந்ததால் எனக்குக் கொஞ்சமும் வலிக்கவில்லை.

இரண்டாவது முறையும் பெயரைச் சொல்லிக் குத்தினேன். அதை யாரும் கேட்கவில்லை. மூன்றாவது முறையும் குத்தினேன். மணி அடித்தது. அது நிறுத்துகிற மணி என்று முதன்முறையாக என் உடம்புக்குத் தெரிந்தது. நான் நிறுத்தவில்லை. எனக்கு நன்றாக இருந்தது. இதை எழுதாமல் விடலாமா என்று பலமுறை யோசித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

இறங்கியபோது என்னைக் கட்டிப்பிடித்தார்கள். அந்தக் கனகரெத்தினம் என்ன செய்தான் என்று கேட்டார்கள்.  அவர்களே சொல்லத் தொடங்கினார்கள். வாய்க்கால் மதகைப் பூட்டியவன் ஒரு கனகரெத்தினம்தான் என்றார் ஒருவர். எல்லைக் கல்லைப் பிடுங்கியவனுக்கும் அந்தப் பெயர்தான் என்றார் இன்னொருவர். இடமாற்றத்தை நிறுத்தியவன், மாட்டைப் பிடித்துக் கட்டியவன், முப்பது வருடத்துக்கு முன்னால் றோட்டில் முறைத்தவன். கால் மணித்தியாலத்தில் அவர்கள் ஒரு கனகரெத்தினத்தைச் செய்து முடித்திருந்தார்கள். மறுத்துச் சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

ஜவுபர் ஹாஜியார் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்.

“கண்ணியமிக்க சபையோரே! மற்றவர்கள் தங்கள் சொந்தக் கோபத்தைக் கொண்டுவந்தார்கள். சகோதரர் நளீர் மட்டும்தான் நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பெயரைக் கொண்டுவந்தார். அந்த நபரை எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. தெரிந்திருந்தால் நமது குத்தில் இந்த ஒற்றுமை வந்திருக்குமா? ஒரே ஒரு பெயர், முந்நூறு பேரும் எழுந்து நின்றோம். எனது தலைமையில் இதற்கு முன்னர் இப்படி ஒரு கூட்டம் எழுந்து நின்றதில்லை. எனக்கு எதிராக எழுந்து நின்றதைத் தவிர.”

கைதட்டினார்கள். என்னைக் கோபப் பொறுப்பாளராக நியமிக்கும் பிரேரணை ஏகமனதாக நிறைவேறியது. விலகல் படிவத்தில் மூன்றாவது கையொப்பமும் அன்றே கிடைத்தது. நான் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது றுமானா தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டாயிரம் பேர் அதற்குள் பார்த்திருந்தார்கள். அவள் பகிடி ஒன்றும் விடவில்லை.

“இது உங்கட கந்தோர் கனகரெத்தினம் அண்ணனா?”

“ஓம்.”

“மெய்யா அவரோட கோபமா?”

“இல்ல.”

“அப்ப ஏன்?”

நான் பொன்னாடையை மடிக்கத் தொடங்கினேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. தொலைபேசியைக் குப்புற வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சனியும் ஞாயிறும் போயின. அவருக்குத் தொலைபேசி எடுக்க ஆறு முறை நினைத்தேன். எடுத்து எதைச் சொல்வது? திங்கட்கிழமை எட்டேகாலுக்குக் கந்தோருக்குப் போனேன். அவர் எனக்கு முன்னரே வந்திருந்தார். உரப் பட்டியல் முடிக்கப்பட்டு என் மேசையில் இருந்தது. நான் சரிபார்க்க வேண்டிய பக்கங்களிலும் பென்சிலால் சரி அடையாளம் போட்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். பத்து மணிவரை யன்னலுக்கு வெளியே மட்டும் சத்தம் இருந்தது.

“மச்சான்,” என்றார் கனகரெத்தினம்.

 ஐசே என்பதுதான் அவருடைய வழக்கம்.

“அந்த வீடியோவ மகள் காட்டினாள். முதல்ல நான் வேற கனகரெத்தினம் எண்டு நினைச்சன். என்ட மனிசி தங்கேஸ்வரிதான் செல்றா, அவருக்கு வேற எந்தக் கனகரெத்தினத்தத் தெரியும் எண்டு.”

நான் வாயைத் திறந்தேன்.

“கொஞ்சம் பொறுங்க, நான் சொல்லி முடிக்கிறன். பிறகு எனக்குச் சொல்ல வராது.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். “அவ செல்றா, அந்த மனிசன் சும்மா கோவிக்கிற ஆள் இல்ல. நீங்கதான் என்னமோ செய்திருக்கயள். நல்லா யோசிச்சுப் பாருங்க எண்டா. ரெண்டு நாளா யோசிச்சன்.”

சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். எங்கள் தொழில் பட்டியல் எழுதுவதுதான். இலக்கமிட்டு எழுதியிருந்தார்.

“ஒண்டு. நோன்பு மாசம் உங்களுக்கு முன்னால இரிந்து வடை திண்டது. மறந்து திண்டன் மச்சான். ரெண்டு. உங்கட வாப்பா மோசம் போன அண்டைக்கு நான் செத்த வீட்டுக்குள்ள வரல்ல. ஊர் அப்ப ஒரு மாதிரி இரிந்திச்சு. றோட்டு வளைவு மட்டும் வந்து, நிண்டுட்டுக் கிறுகிப் போயிட்டன். வந்தனெண்டு உங்களுக்கிட்டச் சொல்லவுமில்ல.” அவர் மூச்சு விட்டார். “மூண்டு. ஆறு வருசத்துக்கு முந்தி, கொழும்புப் பயிற்சிக்கு நம்ம ரெண்டு பேரில ஒராள அனுப்புற எண்டு கந்தோர்ப் பெரியவர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். அவருக்குச் சுகமில்ல, போகமாட்டார் எண்டு நான்தான் சொன்னன். உங்களுக்கிட்டக் கேக்காமச் சொன்னன். அதுக்குப் பிறகுதானே எனக்குச் சம்பளப் படி ஏறினது. நீங்க அத எங்கயோ கேள்விப்பட்டிருக்கயள். இதாத்தான் இரிக்கும்.”

நான் கேள்விப்பட்டிருக்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். கொழும்புக்கு அனுப்பிவிடுவார்களோ என்று அந்த மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தவன் நான்.

சொல்ல வேண்டிய வசனம் என்னிடம் தயாராக இருந்தது. நீங்கள் ஒன்றும் செய்யவில்லை. அந்த மண்டபத்தில் உங்களுக்கென்று ஒரு ஆள் இருக்கவில்லை, அதனால் உங்களுடைய பெயரைச் சொன்னேன். இவ்வளவுதான். இரண்டு வரி. அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்ட ஒரு மனிதர் இந்த யன்னலுக்குப் பக்கத்தில் தொடர்ந்து உட்காருவாரா என்று யோசித்தேன். அவர் தாளை விரித்தபடி, பட்டியலில் பெயர் விடுபட்ட வயல்காரர்கள் எங்கள் மேசைக்கு முன்னால் நிற்பார்களே, அந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“மூண்டாவதுதான்,” என்றேன்.

“நினைச்சன்,” என்றார். அவருடைய தோள்கள் தளர்ந்தன. காரணம் ஒன்று இருந்ததில் அவருக்கு எவ்வளவு ஆறுதல் என்று பார்த்தேன். “ஆறு வருசம் உள்ளுக்குள்ள வெச்சிக்கிட்டு ஒரு சொல் சொல்லாம இரிந்திருக்கயள் மச்சான். நானெண்டா இரிந்திருக்கமாட்டன். மன்னிச்சிட்டயளா?”

நான் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அதை அவர் என்னுடைய பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டது அவருடைய முகத்தில் தெரிந்தது.

“ஓம்,” என்றேன்.